பந்தி விசாரிப்பு

என் அப்பா கல்யாணச் சமையல்காரர். திருவண்ணாமலையிலும் செங்கம், போளூர், கலசபாக்கம் பக்கத்திலும் நாற்பது வருஷம் அடுப்பு மூட்டியவர். இலை போட்டு, சோறு விழுந்து, சாம்பார் வாளி முதல் சுற்று போய் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். தோளில் கிடக்கும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, பந்தியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக நடப்பார். யாராவது கத்தரிக்காயை இலை ஓரத்துக்கு ஒதுக்கியிருந்தால் குனிவார். “அண்ணே, உடம்புக்கு ஆகாதா? அவரைக்காய்ப் பொரியல் இருக்கு, கொண்டாரச் சொல்றேன்.” மருந்து சாப்பிடுகிறவர் என்று தெரிந்தால் அவர் இலைக்கு அகத்திக்கீரை போகாது. இதற்குப் பந்தி விசாரிப்பு என்று பெயர். பார்க்கிறவர்களுக்கு அது உபசாரம். அப்பாவுக்கு அது சமையலில் பாதி. “அடுப்புல வேகறது பாதி, எலையில வேகறது பாதி” என்பார்.

அந்த இரண்டாவது பாதியை நான் ஒருமுறை கைவிட்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரா பௌர்ணமி. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டி எங்கள் அன்னதானப் பந்தல். தொன்னையில் புளிசாதம் கொடுத்துக்கொண்டிருந்தோம். பதினான்கு கிலோமீட்டர் நடக்கிற கூட்டம்; கை நீட்டுகிறவர் முகத்தைக் கூடப் பார்க்க நேரமில்லை. சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா, ஏழு வயதுப் பையனைக் கையில் பிடித்தபடி கேட்டார்: “இதுல வேர்க்கடலை இருக்கா?” தொன்னை நீட்டிய எங்கள் பையன் சாதத்தைப் பார்த்தான். மேலே கடலை எதுவும் தெரியவில்லை. “இல்லைங்க அக்கா” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. புளிக்காய்ச்சலுக்கு நான் வறுத்து அரைத்த பொடியில் எள்ளோடு மல்லாட்டையையும், அதாவது வேர்க்கடலையையும், சேர்த்திருந்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பத்து நிமிஷத்தில் பையனின் உதடு வீங்கியது. கழுத்தெல்லாம் தடிப்பு. மூச்சு இழுக்க ஆரம்பித்தது. யாரோ வெற்றிலையும் மிளகும் கேட்டுக் கத்தினார்கள். பாதையில் நின்றிருந்த 108 வண்டியில் ஏற்றிப்போய் ஊசி போட்டதால் பிழைத்தான். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் அந்த அம்மா என்னிடம் சொன்னது ஒரே வார்த்தை: “கேட்டேனே, அண்ணா.”

அதற்குப் பிறகுதான் இந்த ஊர் எப்படியெல்லாம் சோறு போட்டிருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

ஒவ்வாமை என்ற சொல் நம் பேச்சுக்குப் புதிது. வீட்டில் “எனக்குச் சேராது”, “ஒத்துக்காது” என்போம். சித்த வைத்தியத்தில் அதற்குப் பக்கத்தில் நிற்கிற சொல் கரப்பான் பண்டம். தோலில் அரிப்பும் படையும் கிளப்பும் பண்டங்களுக்கு அந்தப் பெயர். கம்பு, சோளம், வரகு, பாகற்காய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மருந்து சாப்பிடுகிறவருக்குப் பத்தியம், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு என்று உடம்பைப் பார்த்துச் சமைக்கிற வழக்கமும் நமக்குப் பழசு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரப்பான் பண்டம் என்பது புண் உள்ள யாருக்கும் ஆகாத பண்டம். அந்தப் பையனுக்கு நடந்தது வேறு. ஊருக்கெல்லாம் சத்தான ஒன்று அவன் ஒருவனுக்கு நஞ்சானது. அதைப் பட்டியலால் பிடிக்க முடியாது, ஆளைக் கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய பத்தியம் ஏற்பட்ட காலத்தில் மல்லாட்டை இங்கே கிடையாது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் அது. மணிலாக்கொட்டை என்ற பெயரே அது கடல் வழியே வந்ததைச் சொல்லும்; எங்கள் பக்கத்து நாக்கில் அது மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்காட்டுச் சீமைக் கடலை புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சின் மார்செய் நகரத்துக்கு எண்ணெய்க்காகவும் சோப்புக்காகவும் கப்பல் கப்பலாகப் போனது. இன்று தமிழ்நாட்டில் கடலை அதிகம் விளையும் மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. செக்கில் கடலை, சட்னியில் கடலை, பொடியில் கடலை. நல்லெண்ணெய் இருந்த இடத்தில் கடலையெண்ணெய். தெவசச் சமையலில் “இங்கிலீஷ் காய்” கூடாது என்று உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் இன்றும் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். சமையலறைக்குள் புதிதாக வந்ததைச் சந்தேகமாகப் பார்க்கிற பழக்கம் அது. கடலைக்கு அந்தச் சந்தேகம் எழவே இல்லை, அவ்வளவு சீக்கிரம் அது வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

இந்த ஊரில் பந்தி விசாரிப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பெரிய கோயிலில் நடந்த ஒரு சம்பவம். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி மதுரையிலிருந்து வெங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் இங்கே வந்து சேர்ந்தான். பின்னாளில் ரமண மகரிஷி ஆனவர். கோயிலுக்குள் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார், பேச மாட்டார், சாப்பாடு கேட்கவும் மாட்டார். அங்கிருந்த மௌன சாமியார் ஒருவர் அம்மன் சன்னிதியில் அபிஷேகமாகி வழிந்த பாலைக் கொண்டுவந்து கொடுப்பார். தண்ணீர், மஞ்சள், சர்க்கரை, வாழைப்பழம் எல்லாம் கலந்த பால். அவரும் அப்படியே குடித்துவிடுவார். அதை ஒருநாள் பார்த்த குருக்கள் மனம் வருந்தி, இனிமேல் சுத்தமான பாலைத் தனியாகக் கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்தார். அவர் ஒன்றும் பெரிய தர்மம் செய்துவிடவில்லை. எதிரில் இருப்பவர் தொண்டைக்குள் என்ன இறங்குகிறது என்று நின்று பார்த்தார். அவ்வளவுதான். அதைத்தான் நான் பந்தலில் செய்யவில்லை.

பிறகு மலைமேல் விரூபாட்ச குகைக் காலம். உடன் இருந்தவர்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போய்க் கொண்டுவருவதையெல்லாம் ஒன்றாகக் கலந்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். எச்சம்மாள் என்ற பக்தை நாள் தவறாமல் மலையேறிச் சோறு கொண்டுபோனார். 1916-இல் தாயார் அழகம்மாள் வந்து தங்கியபின் ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பே எரிய ஆரம்பித்தது. அந்த அம்மாளுக்கு ஆசாரம் அதிகம், வெங்காயம் ஆகாது. மகன் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாராம். அம்மா 1922-இல் காலமானார். சமாதிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் ஆசிரமம் வளர்ந்தது, சமையல்கட்டும் வளர்ந்தது.

அந்தச் சமையல்கட்டைப் பற்றிப் படிக்கும்போது ஒரு சமையல்காரனாக எனக்கு மெய்சிலிர்க்கிறது. பொழுது விடியும் முன்பே மகரிஷி அங்கே உட்கார்ந்து காய் நறுக்குவார். கத்தரிக்காயின் காம்பைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டார், அதையும் வேகவைக்கச் சொல்வார். தரையில் சிந்திய கடுகைப் பொறுக்குவார். சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் போன்றவர்கள் அவர் சொல்லச் சொல்லச் சமைத்தார்கள். தனக்கென்று எதையும் தனியாக வைக்க விடமாட்டார். டாக்டர் அவருக்கு ஒரு டானிக் கொடுத்தால், எல்லோருக்கும் உண்டா என்பதே முதல் கேள்வி.

எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. அதைப் போல அழகான விதி இல்லை. ஆனால் என் பந்தலிலும் அன்று எல்லோருக்கும் ஒரே புளிசாதம்தான். பிறகு எங்கே தப்பு? ரொம்ப நாள் யோசித்தேன். அங்கே ஒரே சாப்பாடு போட முடிந்ததற்குக் காரணம், போடுகிறவருக்கு அதில் விழுந்த ஒவ்வொரு கடுகும் தெரியும், உட்கார்ந்திருப்பவரையும் தெரியும். 1935-இல் ஒரு ஆங்கிலேயப் பெண்மணி சாதகர்களுக்கான உணவைப் பற்றிக் கேட்டார். சாத்வீக உணவு, அளவாக, என்று பதில் வந்தது. அது என்னவென்று மறுபடி கேட்டபோது மகரிஷி சொன்ன பட்டியல் ரொட்டியில் தொடங்குகிறது. பழம், காய்கறி, பால் அதற்குப் பிறகு. சோற்றில் வளர்ந்தவர், கேட்டவர் எதில் வளர்ந்தவர் என்று பார்த்து ரொட்டியை முதலில் வைத்தார் என்றே நான் படிக்கிறேன். வடக்கே சிலர் மீன் சாப்பிடுகிறார்களே என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை.

அந்தப் பந்தியிலும் ஒரு குறை இருந்தது. பிராமணர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமுமாக நடுவில் தடுப்பு வைத்துத்தான் அன்று இலை போட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் தெரிகிற மாதிரி மகரிஷி உட்கார்ந்தார். ஊரில் இருந்த சாதிச் சத்திரங்களும் அதே வழிதான். உன் சத்திரத்துக்கு நீ போனால் உனக்கு ஆகாதது இலையில் விழாது, யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. ஆளைக் கேட்பதற்குப் பதில் சாதியைக் கேட்ட ஏற்பாடு அது. பெரும்பாலானோரை வாசலில் நிறுத்தி வைத்த ஏற்பாடு. அது போனது நல்லது. ஆனால் அது போன இடத்தில் ஆளைக் கேட்கிற வழக்கத்தை நாம் கொண்டுவந்து வைக்கவில்லை.

தெரியாத இடத்தில் தனக்கு ஆகிற சாப்பாட்டைத் தேடுகிற கஷ்டம் கடல் கடந்தவர்களுக்கு முன்பே தெரியும். 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னையில் எஸ்.எஸ். நெவாசா கப்பல் ஏறிய கணித மேதை ராமானுஜனுக்கு வழியெல்லாம் சைவச் சாப்பாடு கிடைக்க முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். கேம்பிரிட்ஜ் போனபின் அவர் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். என் மூத்த மகன் இப்போது உல்லாசக் கப்பல் ஒன்றில் சமையல் வேலையில் இருக்கிறான். பந்தலில் அந்தப் பையனுக்கு நடந்ததை அவனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அங்கே டிக்கெட் போடும்போதே கேட்டு எழுதிக்குவாங்கப்பா” என்றான். ஆகாத பண்டம் உள்ளவரிடம் முதல் நாள் ராத்திரியே மறுநாள் சாப்பாட்டுப் பட்டியலைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்பார்களாம். அவருக்கு நறுக்கும் பலகையே வேறு நிறம், ஊதா. அவருக்கான கரண்டி வேறு பாத்திரத்துக்குள் போகக் கூடாது. ஆயிரக்கணக்கான பேர் சாப்பிடுகிற இடத்தில் பந்தி விசாரிப்பைக் காகிதத்திலும் பலகையிலும் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அவன் இன்னொன்றும் கேட்டான்: “நம்ம சாம்பார்ல கோதுமை இருக்கா?” இல்லை என்றேன். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்க்கச் சொன்னான். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கிறார்கள் என்பது டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. நாற்பது வருஷம் அப்பாவும் இருபத்தைந்து வருஷம் நானும் அந்த டப்பாவைத் திறந்திருக்கிறோம். கோதுமை ஆகாத ஒருவருக்கு எத்தனை முறை ரசம் ஊற்றியிருப்போமோ!

பாக்கெட்டில் விற்கிற உணவில் கடலை, பால், முட்டை, மீன், சோயா, கோதுமை முதலியவை இருந்தால் எழுதியே ஆக வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு அன்னதானம் போட உணவுப் பாதுகாப்புத் துறையின் அனுமதியும் வாங்குகிறோம். ஆனால் தொன்னைக்கு லேபிள் கிடையாது. அங்கே லேபிள் நாம்தான்.

கிரிவலப் பாதையில் சோறு போடுகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். பந்தல் முகப்பில் ஒரு கரும்பலகை வையுங்கள். என்ன எண்ணெய், கடலை உண்டா, முந்திரி உண்டா, பால் உண்டா, கோதுமை உண்டா என்று சாக்பீஸால் எழுதுங்கள். யாராவது கேட்டால் பரிமாறுகிற பையன் பதில் சொல்ல வேண்டாம், சமைத்தவரைக் கூப்பிடட்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி ஒரு வாழைப்பழம் கொடுக்கட்டும். உதடு வீங்கி மூச்சுத் திணறினால் வெற்றிலை, மிளகு தேடி நிற்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். அட்ரினலின் ஊசிதான் அப்போது உயிர் காக்கும்.

எங்கள் பந்தலில் இப்போது புளிசாதத்துக்கு நல்லெண்ணெய். பொடியில் எள் மட்டும். எள் ஆகாதவர்களும் உண்டு என்பதால் அதையும் பலகையில் எழுதியிருக்கிறேன்.