கடல் தாண்டிய கீர்த்தனை

ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட் 2002-இல் பழைய அமெரிக்கப் பாடல்களைப் பாடி ஆல்பம் வெளியிட்டார். அந்த வரிசையில் 2004-இல் வந்த மூன்றாவது ஆல்பம்தான் அவருக்கு முதல் கிராமி விருதை வாங்கித் தந்தது.

அவருக்கு முன்பே 2001-இல் இதைப் போன்ற ஒரு வேலையைச் செய்தவர் சுசீலா ராமன். லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். சிறுவயதில் கர்நாடக இசை கற்றவர், பதின்வயதில் ராக் பக்கம் போனார். பிறகு 'சால்ட் ரெயின்' ஆல்பத்தில் தியாகராஜர், தீட்சிதர் கீர்த்தனைகளை கிதாரோடு பாடினார். பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கு அது பரிந்துரைக்கப்பட்டது!

ஸ்டூவர்ட் பாடியவை ரசிகர்களுக்கு மனப்பாடமான பாட்டுகள். சுசீலா பாடியதையோ அங்கே பலர் முதல்முறையாகக் கேட்டார்கள். சம்பிரதாயம் கெட்டுவிட்டது என்று நம்மவர்கள் கோபப்படலாம். ஆனால் சபாவுக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தால், கடல் தாண்டிப் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தக் கீர்த்தனை எப்படிப் போய்ச் சேரும்?