கும்பினிச் சம்பளமும் குளப்பங்கும்

ஒரு நிறுவனம் தழைத்தற்கு முதலும் சரக்கும் மட்டும் போதா. உழைப்போர்க்கு அது வகுக்கும் ஊதிய முறையும் அதன் ஆயுளை நிர்ணயிக்கும். துணுக்காயில் அரிசி ஆலையோ பாற்பண்ணையோ புதிதாய் நிறுவ முனைவோர்க்கு இவ்வுண்மையை உணர்த்தவல்ல படிப்பினைகள் இரண்டு, வன்னி மண்ணோடு தொடர்புடைய வரலாற்றில் உள. ஒன்று கடல் கடந்து வந்த கும்பினியினது. மற்றொன்று குளக்கரை உழவரது.

1602இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினி, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது. வன்னியர் தலைவரிடம் யானைகளைத் திறையாகப் பெற்றது. குடிகளிடம் 'ஊழியம்' என்னும் கூலியில்லா உழைப்பைக் கொண்டது. தன் உத்தியோகத்தர்க்கும் அது சொற்பச் சம்பளமே அளித்தது. தனி வாணிகம் ஆகாதென விதித்தும் பயனில்லை. சம்பளத்திற் காணாததை அவர்கள் மறைவணிகத்திற் கண்டனர். போரும் கடனும் புறத்தே தாக்க, இவ்வூழல் கும்பினியை அகத்தே அரித்தது. 1799ஆம் ஆண்டின் இறுதியில் அது மறைந்தது.

ஆங்கிலக் கும்பினியையும் இந்நோய் பற்றியிருந்தது. 1786இல் வங்காளத்திற் பதவியேற்ற காரன்வாலிஸ் பிரபு, சம்பளத்தை உயர்த்தியே தனி வாணிகத்தைத் தடுத்தார். ஆயினும் உயர்பதவிகளிலிருந்து இந்தியரை விலக்கினார். நோய்க்கு மருந்து கண்டவர், நீதியைப் பாதியில் நிறுத்தினார்.

இனி, குளக்கரையை நோக்குவோம். வறண்ட நிலத்துக் கிராமங்களில் உழவர் தத்தம் வயற்பங்கிற்கு ஏற்பக் குளக்கட்டைத் திருத்தினர். உழைப்பின் அளவும் அதன் பயனாகிய நீரும் யாவர் கண்ணுக்கும் தெரிந்தன. 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஆங்கில அரசு ஒழித்தது. அது நற்செயலே. ஆனால் ஊர்ப்பொது உழைப்பைக் காத்த வலிமையும் உடன் நீங்கவே, பல குளங்கள் பராமரிப்பின்றிக் கெட்டன. 1856இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்துச் சட்டமே பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்கு மீண்டும் வலுவூட்டியது. தீய முறையை நீக்கினால் மட்டும் போதாது. அதனிடத்தே நேரிய ஒழுங்கொன்றை நிறுவுதலும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இன்று அவ்வொழுங்கின் அடித்தளத்தைச் சட்டமே தருகின்றது. ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அமைந்தன. 1983ஆம் ஆண்டுச் சட்டம், பதினைந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் ஐந்தாண்டு உழைத்தோர்க்குப் பணிக்கொடையை உரிமையாக்கியது.

இவை அடித்தளமே, வீடு அன்று. அதன்மேல் எழுப்ப வேண்டுவன மூன்று: குடும்பம் நடத்தப் போதிய மாதச் சம்பளம், ஆண் பெண் வேறுபாடின்றி ஒத்த வேலைக்கு ஒத்த கூலி, இலாபம் மிகுந்த ஆண்டில், முன்னரே அறிவித்த கணக்கின்படி யாவர்க்கும் ஒரு பங்கு. உழைப்புக்குத் தக்க பங்கு என்பது துணுக்காய் உழவனுக்குப் புதிய கொள்கையன்று. அவன் பாட்டனின் குளக்கட்டு அதனை அறியும். அதை மறந்த கும்பினியோ இன்று ஏட்டில் மட்டுமே உளது.