ரயில் போன தடத்தில் சைக்கிள்

பருமனான டயரும் இருபத்தோரு கியருமாக இன்று நம் ஊர்க் கடை வாசல்களில் வரிசையாக நிற்கிறதே, பேரப்பிள்ளைகள் அடம் பிடித்து வாங்கிக்கொள்ளும் 'மவுண்டன் பைக்', அது பிறந்த ஊர் என்று ஒன்றைக் கை காட்ட முடியும். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டிப் போனால் மரின் மாவட்டம். அதற்குள் ஃபேர்ஃபாக்ஸ் என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை ஏழாயிரத்து ஐந்நூறு அளவில்தான். கொலராடோவில் கிரெஸ்டட் பியூட் என்ற ஊர்க்காரர்களும் இந்தப் பெருமைக்குப் பங்கு கேட்பார்கள். எனக்கு வழக்கு ஃபேர்ஃபாக்ஸ் பக்கம்தான் பலமாகத் தெரிகிறது.

மகள் அந்த ஊருக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் மூன்று முறை போய் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறேன். சைக்கிள் விடும் வயதில்லை. நடக்க மட்டும் கால் இருக்கிறது. நடந்து பார்த்ததிலும், அங்குள்ள சைக்கிள் மியூசியத்தில் நின்று பார்த்ததிலும் சேர்த்துக்கொண்டதுதான் இந்தக் கதை. முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் கார்டாக வேலை பார்த்தவன் என்பதால் பிரேக் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குத் தெற்கே நிற்பது டமால்பாய்ஸ் மலை, 784 மீட்டர் உயரம். நீலகிரியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது குன்று. ஆனால் கடலோரத்திலிருந்து நேரே எழும்புவதால் பெரிதாகத் தெரியும். சரிவெல்லாம் ஓக் மரங்கள். ஓடைப் பக்கங்களில் ஒரு மரம், இலையைக் கசக்கினால் நம் பிரிஞ்சி இலை வாசம் தூக்கலாக வரும். பள்ளத்தாக்குகளில் ரெட்வுட். பெயரைக் கேட்டு நம் செம்மரத்தை நினைக்க வேண்டாம், அது வேறு ஜாதி. வானத்தை மறைக்கும் உயரம் அதற்கு. இந்தக் காட்டின் பெரும் பகுதி 1912-ல் தொடங்கிய குடிநீர் வாரியத்தின் கையில் இருக்கிறது. ஏரிகளைச் சுற்றிய நீர்ப்பிடிப்புக் காடு. மிச்சம் மாநிலப் பூங்கா, மாவட்டப் பூங்கா. வில்லியம் கென்ட் என்ற செல்வந்தர் விலைக்கு வாங்கி நாட்டுக்குத் தானமாகக் கொடுத்த மியூர் உட்ஸ் என்ற ரெட்வுட் தோப்பும் 1908 முதல் தேசிய நினைவிடம். ஊர்த் தெரு முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. நடுவில் ஒரு கேட், ஒரு அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான்.

இந்தக் காட்டுக்குள் இன்று சைக்கிள் ஓடும் வழிகளில் முக்கியமானவை எதுவும் சைக்கிளுக்காகப் போட்டவை அல்ல. என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்ததே அதுதான்.

மலையின் தெற்குப் புறம், மில் வேலி என்ற ஊரிலிருந்து உச்சிக்கு 'ஓல்டு ரெயில்ரோடு கிரேடு' என்று ஒரு மண் சாலை ஏறுகிறது. பெயரே சொல்கிறது, அது பழைய ரயில் தடம். 1896-ல் அந்த மலை ரயில் ஓடத் தொடங்கியது. நம் மேட்டுப்பாளையம் வண்டி குன்னூர் சேர்ந்ததற்கு மூன்று ஆண்டு முன்னால். நம்முடையது 46 கிலோமீட்டருக்கு 208 வளைவு. அவர்களுடையது 13 கிலோமீட்டர்தான், அதற்குள் 281 வளைவு! உலகத்திலேயே கோணலான ரயில் என்று அவர்களே விளம்பரம் செய்துகொண்டார்கள். நம் பாதையில் செங்குத்து அதிகம், 12 அடிக்கு ஓர் அடி ஏறும் இடம் உண்டு, ஆகவே தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் வேண்டியிருந்தது. அவர்கள் சாய்வைக் குறைத்து, வளைவைக் கூட்டி, பல்சட்டம் இல்லாமலே பற்சக்கர இன்ஜினை வைத்து ஏறிவிட்டார்கள். அந்தச் சிக்கனம்தான் பின்னால் சைக்கிள்காரனுக்கு வரமாக வந்தது. ரயில் ஏறிய சாய்வில் சைக்கிளும் ஏறும்.

இறங்குவதற்கு அவர்கள் செய்த ஏற்பாட்டைக் கேட்டால் நம் குன்னூர் பிரேக்ஸ்மேன்கள் தலையில் கை வைப்பார்கள். இன்ஜினே கிடையாது. திறந்த பெட்டியில் பயணிகளை உட்கார வைத்து, பிரேக் பிடிக்க ஒரே ஓர் ஆளைப் போட்டு, புவியீர்ப்பை நம்பி உருட்டி விட்டுவிடுவார்கள். 'கிராவிட்டி கார்' என்று பெயர். ஜனங்கள் அதில் போவதற்கென்றே வந்தார்கள்.

பிறகு உச்சிக்கு மோட்டார் சாலை வந்தது. கூட்டம் காருக்கு மாறியது. 1929-ல் பெரிய காட்டுத்தீ. 1930-ல் ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். ரயில் பயணிகளுக்காக 1904-ல் கட்டிய வெஸ்ட் பாயிண்ட் என்ற விடுதி மட்டும் கரண்ட் கம்பி எட்டாமல் அந்தத் தடத்தில் இன்னும் நிற்கிறது. அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது, நம் வண்டியை இழுத்து மூடாமல் வைத்திருக்கிறார்களே என்று ஒரு கும்பிடு போட்டேன்.

இரண்டாவது வகை வழி, தீயணைப்பு வண்டிகளுக்கான மண் சாலைகள். கோடையில் காய்ந்து கிடக்கும் காட்டில் தீ பிடித்தால் லாரி உள்ளே போக வேண்டும் அல்லவா? நம் வனத்துறை வெட்டும் தீத்தடுப்புக் கோடு மாதிரி, ஆனால் வண்டி போகும் அகலத்தில், முகடு முகடாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஃபேர்ஃபாக்ஸுக்கு மேற்கே காஸ்கேட் கேன்யன் சாலை அப்படி ஒன்று. சுமார் இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறங்குகிறது.

1970களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர், நல்ல ரேஸ் சைக்கிள் வைத்திருந்தவர்கள்தான், ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். 1930, 40களில் பையன்களுக்காக ஷ்வின் கம்பெனி செய்த பலூன் டயர் வண்டிகள் பழைய சாமான் கடைகளில் சில டாலருக்குக் கிடைத்தன. இருபது கிலோவுக்கு மேல் கனம். மட்கார்டு, ஸ்டாண்டு எல்லாம் கழற்றி வீசிவிட்டு அதை மலைமேல் கொண்டுபோய் அந்தத் தீச்சாலையில் உருட்டுவது. கிராவிட்டி கார் நின்று நாற்பது வருடம் கழித்து அதே விளையாட்டு! பிரேக் எங்கே என்றால் பின் சக்கர ஹப்புக்கு உள்ளே. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும். இரண்டு மைல் இறக்கத்தில் விடாமல் பிடித்தால் என்ன ஆகும்? ஹப் காய்ந்து, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போய் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் 'ரீபேக்'. சாலைக்கு அதுவே பெயராகிவிட்டது. நம் சைக்கிள் கடைகளில் பால்ரஸைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி கிரீஸ் வைத்து 'ஓவர்ஹால்' செய்வார்களே, அதை ஆண்டுக்கு ஒருமுறைக்குப் பதிலாக இறக்கத்துக்கு ஒருமுறை செய்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சூடான பிரேக் கட்டையின் வாசம் தெரிந்தவன் நான். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

1976 அக்டோபர் 21 அன்று சார்லி கெல்லி என்பவர் முதல் பந்தயத்தை நடத்தினார். இரண்டிரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக விட்டு நேரம் குறித்தார்கள். வென்றவர் ஆலன் பாண்ட்ஸ். அன்று கீழே விழாமல் வந்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்வார்கள். பின்னால் கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கினார். அதை யாரும் முறியடிக்கவில்லை. ஜோ பிரீஸ் இரண்டே விநாடி பிந்தி இரண்டாவது. வெண்டி கிராக் என்ற பெண் கூடவே ஓட்டி, படமும் எடுத்து வைத்தார். அவர் எடுத்திராவிட்டால் அந்த நாட்களின் முகம் நமக்குத் தெரிந்திருக்காது.

இறங்குவதோடு நின்றிருந்தால் அது பையன்கள் விளையாட்டாகவே போயிருக்கும். ஃபிஷர் தன் பழைய வண்டியில் கியர் பொருத்தினார், ஏறவும் முடிந்தது. ஏற முடிந்த உடனே மலை முழுவதும் வழியாகிவிட்டது. லாரியில் ஏற்றிப் போக வேண்டியதில்லை. 1977-ல் பிரீஸ் இதற்கென்றே நல்ல எஃகுக் குழாயில் புது ஃபிரேம் செய்தார். அதில் முதல் வண்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-ல் ஃபிஷரும் கெல்லியும் டாம் ரிட்சி செய்த ஃபிரேம்களை வைத்து ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்கள். 'மவுண்டன்பைக்ஸ்' என்பது அந்தக் கம்பெனியின் பெயர். ஊரே பொதுப் பெயராக எடுத்துக்கொண்டது. 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி மொத்தமாகத் தயாரித்து இறக்கியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாகவே வந்துவிட்டது.

இதற்குள் சொந்த ஊரில் சண்டை தொடங்கியிருந்தது. மலையில் அகலச் சாலைகள் தவிர, ஓராள் நடக்கும் ஒற்றையடிப் பாதைகளும் நிறைய உண்டு. அவற்றுக்கு உரிமை கொண்டாடுபவர்கள் நடைக்காரர்கள். சும்மா கொண்டாடவில்லை. மில் வேலியிலிருந்து மலை தாண்டிக் கடற்கரைக்கு ஓடும் டிப்ஸி ஓட்டம் 1905 முதல் நடக்கிறது. 1912-ல் மலைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று அமைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு போய்ப் பாதை திருத்தியவர்கள் அவர்கள். குதிரைக்காரர்களும் உண்டு. திருப்பத்தில் சத்தமில்லாமல் சைக்கிள் பாய்ந்து வந்தால் குதிரை மிரளும். 1980களில் குடிநீர் வாரியக் காட்டில் ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் கூடாது, தீச்சாலைகளில் மட்டும் விடலாம், அதுவும் மணிக்கு 15 மைலுக்குள், ஆளைத் தாண்டும்போது 5 மைல் என்று விதி இறுகியது. காவலர்கள் ரேடார் துப்பாக்கியோடு மரத்தடியில் நின்று அபராதம் போட்டார்கள். சைக்கிளைக் கண்டுபிடித்த மலையிலேயே சைக்கிளுக்குக் கதவடைப்பு.

என்னைக் கேட்டால், ஒற்றையடிப் பாதை விஷயத்தில் நான் நடைக்காரர்கள் கட்சி. ஒரு பக்கம் பள்ளம், இடுப்பகலப் பாதை, காது வேறு மந்தம். பின்னால் மணி அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது? ஆனால் அந்த வட்டாரத்துப் பள்ளிகளில் சைக்கிள் அணிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளிடம் 'இந்தப் பாதை உங்களுக்கில்லை' என்று மட்டும் சொல்லி வேறு பாதை காட்டாவிட்டால் இருட்டிய பிறகு போகத்தான் செய்வார்கள். போகவும் போகிறார்கள்.

வேறு பாதை காட்டியவர்கள் சாரணர்கள். ஃபேர்ஃபாக்ஸுக்கு மேலே டமராஞ்சோ என்ற சாரணர் முகாம் நிலம். அங்கே சைக்கிள்காரர்களே தொண்டாகப் பாதை வெட்டினார்கள், கட்டணச் சீட்டு வாங்கிக்கொண்டு ஓட்டலாம். காசு பாதைப் பராமரிப்புக்கும் முகாமுக்கும் உதவுகிறது. கிழக்கே விரிகுடா ஓரம் சீனா கேம்ப் மாநிலப் பூங்கா. 1880களில் சீனர்கள் இறால் பிடித்து வாழ்ந்த குப்பம் இருந்த இடம். அங்கே நடைக்காரர், குதிரை, சைக்கிள் மூன்றுக்கும் ஒரே ஒற்றையடிப் பாதை. பணமில்லை என்று மாநில அரசு மூடப் பார்த்தபோது, 2012-ல் உள்ளூர்க்காரர்களின் சங்கம் ஒன்று பொறுப்பை ஏற்றுத் திறந்து வைத்தது. அந்தப் பாதையிலும் நடந்தேன். எதிரே வந்த ஒவ்வொரு சைக்கிளும் வேகம் குறைத்து, பின்னால் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று விரல் காட்டிவிட்டுப் போனது. டோக்கன் மாற்றிக்கொள்ளும் ஒற்றைத் தடம் மாதிரி இருந்தது எனக்கு.

ஃபேர்ஃபாக்ஸ் கடைத்தெருவில் 2015-ல் அந்த சைக்கிள் மியூசியம் திறந்தது. அந்த மியூசியத்திலிருந்து ரீபேக் இறக்கத்தின் அடிவாரம் பக்கம்தான். இன்றும் அங்கே சைக்கிள் விடலாம், தடையில்லை. ஆனால் 15 மைல் விதி அதற்கும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். விதிப்படி இறங்கினால் எட்டு நிமிடம் ஆகும். ஃபிஷரின் 4 நிமிடம் 22 விநாடி அப்படியே இருக்கிறது.