ஸ்போர்ட்ஸ் காருக்கு சின்தடிக் ஆயில்: 5,000 கி.மீ-யா, 15,000 கி.மீ-யா? எப்போது மாற்ற வேண்டும்?

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் விழுப்புரம் தாண்டி, மடப்பட்டு கூட்ரோட்டில் ஒரு சனிக்கிழமை காலை அரை மணி நேரம் நின்று பாருங்கள். கரும்பு லோடு டிராக்டருக்கும் அரசு பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு மஸ்டாங்கோ, போர்ஷேவோ, பாடி கிட் போட்ட பழைய போலோ ஜிடியோ விர்ரென்று போகும். அங்கிருந்து பக்கத்தில்தான் திருநாவலூர், சுந்தரர் பிறந்த ஊர். அவர் கயிலாயம் போனது வெள்ளை யானையில் என்கிறது புராணம். ஆயில் சர்வீஸ் கவலை அவருக்கு இல்லை. நாம் ஆசைப்பட்டு வாங்கும் செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வேறு வகை வெள்ளை யானை. அதற்குத் தீனியில் குறை வைத்தால் இன்ஜினையே கேட்கும்.

இந்த மாதிரி கார் வைத்திருப்பவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் குழப்பம் ஒன்றுதான். மேனுவலில் 15,000 கி.மீ என்று போட்டிருக்கிறது. ஊர் மெக்கானிக் "5,000 தாண்டினா இன்ஜின் போயிடும் சார்" என்கிறார். ஆயில் கடைக்காரரோ "சின்தடிக் ஊத்திட்டீங்கன்னா 20,000 வரைக்கும் திரும்பியே பாக்க வேணாம்" என்கிறார். யாரை நம்புவது?

மேனுவலைத்தான் நம்ப வேண்டும். ஆனால் அதை முழு வரியாகப் படிக்க வேண்டும்.

'எது முதலில் வருகிறதோ அது'

இந்தியாவில் ஃபோக்ஸ்வேகன் கார்களுக்கு 15,000 கி.மீ அல்லது ஒரு வருஷம். மாருதி, ஹூண்டாய் பெட்ரோல் கார்களுக்குப் பொதுவாக 10,000 கி.மீ அல்லது ஒரு வருஷம். ஃபெராரியின் சர்வீஸ் திட்டமே 20,000 கி.மீ அல்லது வருஷத்துக்கு ஒரு முறை என்றுதான் இருக்கிறது. எல்லாவற்றிலும் அந்த 'அல்லது'க்குப் பின்னால் 'எது முதலில் வருகிறதோ அது' என்று ஒரு வால் உண்டு. பெரும்பாலானோர் விட்டுவிடுவது அந்த வாலைத்தான்.

ஸ்போர்ட்ஸ் கார்கள் நிறைய ஓடுவதில்லை. ஷெட்டில் கவர் போட்டு நிற்கும், ஞாயிற்றுக்கிழமை ஒரு ரவுண்டு, அவ்வளவுதான். "வருஷம் முழுக்க 3,000 கி.மீ கூட ஓடல, ஆயில் எதுக்கு மாத்தணும்?" என்று தோன்றும். ஆனால் இப்படிக் கொஞ்சமாக ஓடும் காரில்தான் ஆயில் சீக்கிரம் கெடும். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் எரியாத பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். எரிந்ததில் உண்டாகும் நீராவியும் சேரும். ஆயில் 90, 100 டிகிரி வரை சூடாகி அரை மணி நேரம் ஓடினால்தான் இரண்டும் ஆவியாகி வெளியேறும். பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்தினால் உள்ளேயே தங்கி, அமிலமாகவும் கசடாகவும் மாறும். அதனால் மீட்டர் எவ்வளவு காட்டினாலும் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும்.

கிலோமீட்டர் பொய் சொல்லும், மணிநேரம் சொல்லாது

இன்ஜினுக்குக் கிலோமீட்டர் தெரியாது. எத்தனை மணி நேரம், எவ்வளவு சூட்டில் சுற்றினோம் என்பதுதான் அதற்குத் தெரியும். ஒரு சின்னக் கணக்கு. சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை பக்கம் வந்து போகிற கார், சராசரியாக 60 கி.மீ வேகத்தில் 10,000 கி.மீ ஓடினால் இன்ஜின் சுற்றியது சுமார் 167 மணி நேரம். அதே 10,000 கி.மீ-ஐ சென்னை டிராஃபிக்கில் 20 கி.மீ சராசரியில் ஊர்ந்தால் 500 மணி நேரம். இரண்டு காரிலும் மீட்டர் ஒன்றுதான். ஒன்றில் ஆயில் மூன்று மடங்கு உழைத்திருக்கிறது.

மலைப் பாதை இன்னொரு கதை. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குக் கல்வராயன் மலை ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டாவது, மூன்றாவது கியரில், அதிக சுற்றில், காற்றோட்டம் குறைவாக ஏற வேண்டியிருக்கும். டர்போ இருக்கும் காரில் அந்த டர்போ நிமிஷத்துக்கு 1 லட்சம் முறைக்கு மேல் சுழலும். அதன் தண்டுக்கு மசகு இன்ஜின் ஆயில்தான், சூட்டைத் தணிப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு. மேலே போனதும் செல்ஃபி எடுக்கும் அவசரத்தில் சட்டென்று இன்ஜினை ஆஃப் செய்தால், சூடான டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் நின்று கருகிப் படியும். ஒரு நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு ஆஃப் செய்யுங்கள். செலவே இல்லாத பராமரிப்பு இது.

அப்படியென்றால் எத்தனை கி.மீ? பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் மேனுவல் சொல்வதையே பின்பற்றலாம். டர்போ பெட்ரோல் கார், நகர நெரிசல், புழுதி, மலை எல்லாம் கலந்து ஓடுகிறது என்றால் 7,500 கி.மீ-யில் மாற்றுவது நல்லது. பல மேனுவல்களிலேயே 'கடினமான பயன்பாடு' என்று தனிப் பகுதி இருக்கும். நம்ம ஊர் வெயிலும் டிராஃபிக்கும் பெரும்பாலும் அதில்தான் வரும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாள் ஓட்டினீர்களா? மீட்டரைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

மெக்கானிக் சொல்லும் 5,000, மினரல் ஆயில் காலத்துக் கணக்கு. அவர் பொய் சொல்லவில்லை, பழசைச் சொல்கிறார். சின்தடிக்கில் அதனால் கெடுதல் எதுவும் இல்லை, காசுதான் வீண்.

மாற்றுவதை விட முக்கியம், பார்ப்பது

இதைத்தான் யாரும் சொல்வதில்லை. நல்ல இன்ஜினும் கொஞ்சம் ஆயில் குடிக்கும். 1,000 கி.மீ-க்கு அரை லிட்டர் வரை குறைவது இயல்புதான் என்று ஃபோக்ஸ்வேகன் மேனுவலே சொல்கிறது. மோசமான நிலைமையில் 15,000 கி.மீ-க்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள், ஏழரை லிட்டர். பல கார்களின் இன்ஜினுக்குள் மொத்தமே நான்கைந்து லிட்டர்தான் இருக்கும்! சர்வீஸ் தேதி வரை பானெட்டைத் திறக்காதவர் காரில் மாற்றுவதற்கே ஆயில் மிஞ்சாமல் போகலாம்.

அதனால் 1,000 கி.மீ-க்கு ஒரு முறை, நீளப் பயணத்துக்கு முன்னால் கட்டாயமாக, சமதரையில் நிறுத்தி, ஐந்து பத்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். சில போர்ஷே, பிஎம்டபிள்யூ கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது, திரையில்தான் அளவு காட்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அழுக்கைச் சுமப்பதுதான் அதன் வேலை. டீ மாதிரி பால் நிறத்தில் வந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். அப்போது காரை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

டப்பாவில் எதைப் பார்ப்பது?

ஒரு காலத்தில் நம்ம ஊர் மாட்டுவண்டி அச்சுக்கு ஆமணக்கெண்ணெயில் வைக்கோல் கரி குழைத்து 'வண்டி மை' போட்டார்கள். அதே ஆமணக்கெண்ணெய்தான் ஆரம்பகால விமான இன்ஜின்களிலும் ரேஸ் கார்களிலும் ஓடியது. 1909-ல் வந்த 'காஸ்ட்ரால்' பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்து பிறந்ததுதான். சின்தடிக் ஆயில் கார்களுக்காகப் பரவலாக விற்பனைக்கு வரத் தொடங்கியது 1970-களில்.

இன்று 'சின்தடிக்' என்ற வார்த்தைக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். ஆலையில் சேர்மங்களை இணைத்து உருவாக்கியதும் சின்தடிக், கச்சா எண்ணெயை மிக நன்றாகச் சுத்திகரித்ததும் சின்தடிக் என்றே விற்பனையாகிறது. டப்பாவின் பின்பக்கம் திருப்பி உங்கள் கார் கம்பெனியின் ஒப்புதல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். போர்ஷே 'ஏ40', பென்ஸ் '229.5' என்பது போல. 'ஒப்புதல் பெற்றது' என்பதும் 'இந்த கார்களுக்கு ஏற்றது' என்பதும் ஒன்றல்ல. முதலாவது கார் கம்பெனி சோதித்துச் சொன்னது, இரண்டாவது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. வெயில் ஊராச்சே என்று 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றுவதும் வேண்டாம். 'அஜித் துபாய்ல ஓட்டினாரே, அந்த மாதிரி ரேஸிங் ஆயில் ஊத்தலாமா?' என்றால், அதுவும் வேண்டாம். அதை ரேஸ் முடிந்ததும் வடித்துவிடுவார்கள். மாதக்கணக்கில் அழுக்கைக் கழுவி வைத்திருக்கும் வேலைக்கு அது செய்யப்பட்டதல்ல.

ஃபில்டர்?

ஒவ்வொரு ஆயில் மாற்றத்தோடும் புதுசு. 'அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்' என்று மிச்சம் பிடிப்பது சில நூறு ரூபாய். பழைய ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஆயில் ஓட்டம் நிற்காது. பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக இன்ஜினுக்குள் போகும். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியாது.

ஏர் ஃபில்டரை 40,000 கி.மீ வரை விடலாம் என்று பல மேனுவல்கள் சொல்லும். அறுவடைக் காலத்தில் உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி கிராமச் சாலைகளில் ஓட்டுபவர்கள் 10,000-க்கு ஒரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும். ஃபில்டரைத் தாண்டும் மண் துகள் ஆயிலில் கலந்தால் உப்புத்தாள் மாதிரி சிலிண்டரைத் தேய்க்கும்.

வெளியில் மாற்றினால் பில், ஆயில் பெயர், மீட்டர் அளவு மூன்றையும் எழுதி வையுங்கள். வாரன்டி கேட்கும்போதும் விற்கும்போதும் தேவைப்படும். காலி டப்பாவை உங்கள் கண் முன்னாலேயே ஓட்டை போடச் சொல்லுங்கள், போலி ஆயில் அடைக்கத் தேடுவது அந்த டப்பாவைத்தான். வடித்த ஆயில் 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. வாய்க்காலில் கொட்டாமல், சேகரித்துக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்து விடுங்கள்.