செம்முகக் குரங்கின் கணக்கு

நம் ஊர் ஏ.ஆர்.டி. மையங்களில் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையில் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று டெனோஃபோவிர். 1995-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அந்த மருந்தைக் குரங்குகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். எச்.ஐ.வி.க்கு உறவான எஸ்.ஐ.வி. வைரஸைச் செலுத்தியும் அந்தக் குரங்குகளுக்குத் தொற்று ஏற்படவில்லை. மாத்திரை போட்டுத் தொற்றை முன்கூட்டியே தடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு வலுவான ஆதாரம் அங்கேதான் கிடைத்தது. 2012-ல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது.

நான் கால்நடை மருத்துவன். பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஓர் ஆய்வு நிறுவனத்தின் விலங்குக் கூடத்தில் கழித்தவன். காலையில் ஊறவைத்த கொண்டைக்கடலையும் வாழைப்பழமும் கொடுத்து, எந்தக் கூண்டில் மிச்சம் கிடக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. சாப்பிடாத குரங்கு நோயாளி. காசநோய்ப் பரிசோதனைக்கு மேல் இமையில் மெல்லிய ஊசி போட்டு, மூன்று நாள் வரை வீக்கம் தெரிகிறதா என்று பார்ப்போம். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம், குரங்கின் கண்ணை நேருக்கு நேர் முறைத்துப் பார்க்காதே என்பது. அதன் உலகத்தில் அது சண்டைக்கு அழைப்பு. குரங்குகளோடு பழகியதில் எனக்கு எழுந்த ஒரு கேள்வி, ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. வைரஸ் ஆய்வின் வரலாற்றை எழுதுபவர்கள் விஞ்ஞானியின் பெயரை எழுதுகிறார்கள், நோபல் பரிசை எழுதுகிறார்கள். குரங்கு எங்கிருந்து போனது என்பதை ஏன் ஓரத்தில் தள்ளுகிறார்கள்? போனது பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து.

தமிழ்நாட்டுக் கோயில்களில் நாம் பார்ப்பது குல்லாய்க் குரங்கு. ஆய்வுலகம் தேடியது வட இந்தியாவின் செம்முகக் குரங்கை, அதாவது ரீசஸ் குரங்கை. அதன் கதை 1908-ல் வியன்னாவில் தொடங்குகிறது. இளம்பிள்ளை வாதத்தில் இறந்த ஒரு சிறுவனின் தண்டுவடத்தை அரைத்து, கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும் முயலுக்கும் கினிப் பன்றிக்கும் எலிக்கும் செலுத்திப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பபூனுக்கும் ஒரு செம்முகக் குரங்குக்கும் செலுத்தியபோது இரண்டும் நோயில் விழுந்தன. போலியோ ஒரு வைரஸ் நோய் என்பதற்கு வழி திறந்தது அப்போதுதான். வியன்னாவில் மேற்கொண்டு குரங்கு கிடைக்காமல், லாண்ட்ஸ்டைனர் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் உதவியோடு ஆய்வைத் தொடர்ந்தார். குரங்கு கிடைக்கும் இடத்தில்தான் போலியோ ஆய்வு நடக்கும் என்ற நிலை அன்றே வந்துவிட்டது.

அடுத்த முப்பது ஆண்டுகளை அந்தத் துறை ஒரு தவறான பாதையில் கழித்தது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் சைமன் ஃபிளெக்ஸ்னர் வைரஸைக் குரங்கின் மூளையிலிருந்து மூளைக்கு மாற்றி மாற்றி வளர்த்தார். அப்படி வளர்ந்த வைரஸ் நரம்புத் திசுவுக்கே பழகிப்போனது. செம்முகக் குரங்குக்கு வாய் வழியாகப் போலியோ எளிதில் தொற்றாது. மூக்கில் தடவினால் தொற்றும். ஆகவே மனிதருக்கும் மூக்கு வழியாகத்தான் வருகிறது என்று முடிவு கட்டினார்கள். 1937-ல் கனடாவின் டொரண்டோவில் ஏறத்தாழ 5,000 குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் கரைசலைப் பீய்ச்சினார்கள். நோய் தடுக்கப்படவில்லை. சில குழந்தைகள் மோப்ப உணர்வை இழந்தார்கள். 1941-ல் ஆல்பர்ட் சாபினும் ராபர்ட் வார்டும் போலியோவில் இறந்த மனிதர்களின் உடல்களைப் பரிசோதித்து, வைரஸ் குடலில் இருப்பதைக் காட்டினார்கள். சிம்பன்சிக்கு வாய் வழியாகவே தொற்றும் என்பதும் அதே காலத்தில் தெரிந்தது. குரங்கு எங்கும் பொய்யான பதில் சொல்லவில்லை. அதன் உடலில் நடப்பதை அது காட்டியது. மனித உடலிலும் அதுவே நடக்கும் என்று எடுத்துக்கொண்டது ஆய்வாளர்கள்.

1949-ல் ஜான் எண்டர்ஸும் அவருடைய இரு துணைவர்களும் நரம்பு அல்லாத திசுவிலும் போலியோ வைரஸை வளர்த்துக் காட்டினார்கள். தடுப்பூசிக்கு வைரஸை வளர்க்கக் குரங்கின் சிறுநீரகச் செல்கள் மிகவும் ஏற்றவை என்பது அடுத்துத் தெரிந்தது. அந்த நாள் முதல் செம்முகக் குரங்கு ஆய்வுப் பொருளாக மட்டும் இல்லாமல் மூலப்பொருளாகவும் ஆனது. போலியோ வைரஸில் எத்தனை வகை என்று கண்டறியும் பணிக்கு மட்டும் சுமார் 17,500 குரங்குகள் செலவாயின. இந்தியாவிலிருந்து வந்திறங்கிய குரங்குகளைத் தேற்றுவதற்கென்றே தென் கரோலினாவில் ஒகாட்டி பண்ணை என்று ஓர் இடத்தை அமைத்தார்கள். 1950-களின் இறுதியில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் இந்தியாவை விட்டுப் போயின.

வயலிலும் ஊர் ஓரத்திலும் வலை வைத்து இளங்குரங்குகளைப் பிடிப்பார்கள். மூங்கில் கூண்டில் அடைத்து ரயிலில் டெல்லிக்கோ கல்கத்தாவுக்கோ அனுப்புவார்கள். பயிரை அழிக்கும் குரங்கு போனால் நல்லது என்று நினைத்த விவசாயி இருந்தார். அனுமன் வடிவத்தை விற்பதா என்று கலங்கியவரும் இருந்தார். 1955 ஜனவரியில் இந்தியாவிலிருந்து நியூயார்க்குக்குப் போய்க்கொண்டிருந்த 394 குரங்குகள் லண்டன் விமான நிலையத்தில் மூச்சுமுட்டி இறந்தன. இந்திய அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. மருத்துவ ஆய்வுக்கும் தடுப்பூசிக்கும் மட்டுமே பயன்படுத்துவோம் என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு விரைவிலேயே மறுபடி அனுமதித்தது.

1959-60-ல் சார்லஸ் சவுத்விக் என்ற அமெரிக்கர், பெய்க், சித்திக்கி என்ற இந்திய ஆய்வாளர்களோடு வட இந்தியக் கிராமங்களிலும் கோயில்களிலும் குரங்குகளை எண்ணினார். கூட்டங்களில் இளங்குரங்குகள் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. ஏற்றுமதிக்காரர்கள் விரும்பிப் பிடித்தது அந்த வயதுக் குரங்குகளைத்தான்.

அக்காலத்தில் குரங்கு சொன்னதைக் கேட்காமல் விட்டதும் உண்டு. 1954-ல் அமெரிக்க அரசின் ஆய்வகத்தில் பெர்னிஸ் எடி, கட்டர் என்ற நிறுவனத்தின் போலியோ தடுப்பூசியைக் குரங்குகளுக்குப் போட்டுச் சோதித்தபோது சில குரங்குகளுக்கு வாதம் வந்தது. அவர் எச்சரித்தார், மேலிடம் பொருட்படுத்தவில்லை. 1955-ல் அந்த நிறுவனத்தின் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இருந்து, குழந்தைகள் முடமானார்கள், சிலர் இறந்தார்கள். 1960-ல் குரங்குச் சிறுநீரகச் செல்களில் எஸ்.வி.40 என்ற மற்றொரு வைரஸ் மறைந்திருப்பது தெரிந்தது. அதற்குள் அது தடுப்பூசி வழியாகக் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்திருந்தது.

இறுதி முடிவை எடுத்தது மொரார்ஜி தேசாய் அரசு. வாக்குறுதிக்கு மாறாக, அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் இந்தியக் குரங்குகள் கதிர்வீச்சுச் சோதனைக்குப் பயன்படுவது வெளிச்சத்துக்கு வந்தது. 1978 ஏப்ரல் முதல் ஏற்றுமதி அடியோடு நின்றது. அந்த முடிவை நான் இன்றும் மதிக்கிறேன். வாக்கு மீறியவர்களிடம் உயிரை ஒப்படைக்கக் கூடாது.

ஆனால் அதற்குள் போன குரங்குகளின் சந்ததி அங்கே பெருகியிருந்தது. 1938-ல் கிளாரன்ஸ் ரே கார்பென்டர் இந்தியாவில் பிடித்துக் கப்பலில் கொண்டுபோன குரங்குகளில் 409-ஐ போர்ட்டோ ரீக்கோ கரையோரத் தீவான காயோ சாண்டியாகோவில் விட்டார். அவற்றின் வாரிசுகள் இன்றும் அங்கே வாழ்கின்றன. அமெரிக்காவின் தேசியக் குரங்கின ஆய்வு மையங்களில் இருப்பவையும் பெரும்பாலும் இந்திய வம்சம்தான்.

எய்ட்ஸ் வந்தபோது முதலில் சிம்பன்சிகளை நாடினார்கள். எச்.ஐ.வி. அவற்றுக்குத் தொற்றியது, ஆனால் எய்ட்ஸ் அநேகமாக வரவில்லை. 1985-ல் மாசசூசெட்ஸில் இருந்த ஆய்வு மையத்தில் நோயுற்ற செம்முகக் குரங்குகளிடமிருந்து எஸ்.ஐ.வி.யைப் பிரித்தெடுத்தார்கள். ஆப்பிரிக்காவின் மாங்கபே குரங்குகளோடு அந்த வைரஸ் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தது. அவற்றுக்குப் பெரும்பாலும் நோய் தருவதில்லை. அமெரிக்கக் கூண்டுகளில் மாங்கபேயிடமிருந்து செம்முகக் குரங்குக்குத் தாவியபோது அது எய்ட்ஸைத் தந்தது. மறு ஆண்டு, 1986-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள்.

சீன வம்சக் குரங்கைவிட இந்திய வம்சக் குரங்கின் உடலில் எஸ்.ஐ.வி. அதிகமாகப் பெருகி நோயை வேகமாகக் கொண்டுவரும். ஆகவே எச்.ஐ.வி. ஆய்வகங்கள் இந்திய வம்சத்தையே கேட்டன. 1998-ல் அந்தக் குரங்குகளில் ஒரு முக்கிய உண்மை தெரிந்தது. தொற்றிய சில வாரங்களுக்குள் வைரஸ் குடலில் உள்ள நோய் எதிர்ப்புச் செல்களை அழித்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனை மட்டும் பார்த்தால் இது புலப்படாது. சில ஆண்டுகளில் மனிதர்களிலும் இதுவே உறுதியானது. போலியோவில் குடலைத் தவறவிட்ட அதே குரங்கினம், எச்.ஐ.வி.யில் குடலைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தது.

இதிலும் தோல்வி உண்டு. குரங்குகளைக் காத்த ஒரு தடுப்பூசியை மனிதர்களிடம் சோதித்தார்கள். பலன் இல்லை என்று 2007 செப்டம்பரில் நிறுத்தினார்கள். குரங்குகளுக்குச் செலுத்திய, எஸ்.ஐ.வி.யையும் எச்.ஐ.வி.யையும் கலந்து உருவாக்கிய வைரஸ், மனிதருக்கு வரும் வைரஸைவிட எளிதாகத் தடுக்கக்கூடியதாக இருந்தது. எந்த விலங்கு, எந்த வைரஸ், எந்த வழி என்ற மூன்றில் ஒன்று பிசகினாலும் விடை மாறிவிடும் என்பதுதான் நூறு ஆண்டுப் பாடம்.

விலங்குச் சோதனையே வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. போலியோ ஒழிந்த நாடு என்று இந்தியா 2014-ல் சான்று பெற்றபோது மனம் நிறைந்து மகிழ்ந்தவன் நான். ஆனால் கடனை ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவ, கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் பாடம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தடுப்பூசியின் வரலாற்றைச் சொல்லும்போது, எந்த விலங்கு, எந்த மண்ணிலிருந்து, எத்தனை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆய்வு நிறுவனங்களின் நெறிமுறைக் குழுவில் அமர்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். மனிதருக்கு வரும் வழியிலேயே இந்த விலங்குக்கும் நோய் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் இல்லாத விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.