கருகாமல் தப்பிய காயில்

1979-இல் சூலூரில் ஒரு வைண்டிங் கடையில் சேர்ந்தபோது எனக்குப் பதினேழு வயது. வருவதில் முக்கால்வாசி தோட்டத்துக் கிணற்று மோட்டார்கள். பழைய காயிலை வெட்டி எடுத்துச் சுற்று எண்ணுவோம், கம்பியின் கேஜ் பார்ப்போம், அதே கணக்கில் புதுசு கட்டி வார்னிஷ் ஊற்றுவோம். கை சீக்கிரம் படிந்துவிட்டது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. சில மோட்டாரில் மூன்றில் இரண்டு பங்கு காயில் கரியாகி, ஒரு பங்கு புதுசு போலவே இருக்கும். வேறு சிலதில் ஒரு பங்கு மட்டும் கருகி மற்ற இரண்டும் தப்பியிருக்கும். கடைக்காரரைக் கேட்டால், "லோடு அதிகம்டா" என்பார். லோடு அதிகமென்றால் மூன்றும் சேர்ந்தல்லவா கருக வேண்டும்?

ஒரு கவுண்டர் ஐயா ஒரே கோடையில் மூன்று தடவை அதே மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். "ஏந்தம்பி, போன மாசந்தான கட்டிக் குடுத்தே? மஞ்சளு காயுதே" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எங்கள் கோவைப் பகுதி மோட்டாரைக் கட்டிக்கொண்டு அழுததும் வாழ்ந்ததும் பழைய கதை. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்த காலத்தில் மில்லென்றால் நீராவிதான். ஒரு பெரிய இன்ஜின், கூரையடியில் சுழலும் ஷாஃப்ட், அதிலிருந்து மிஷின்களுக்கு இறங்கும் தோல் பெல்ட்டுகள். 1932 வாக்கில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கியது. அதன் பிறகு சிங்காநல்லூர், பீளமேடு என்று மில்கள் வரிசையாக எழுந்தன. மெதுமெதுவாகப் பெல்ட் போய், மிஷினுக்கு மிஷின் மோட்டார் வந்தது. தோட்டங்களிலும் அப்படியே. என் அப்பாரு இரண்டு மாட்டைப் பூட்டிக் கவலை இறைத்த கிணற்றில், என் அப்பா ஐந்து ஹெச்.பி. மோட்டாரை இறக்கினார். மாடு படுத்தால் வைத்தியம் பார்க்க ஊரில் ஆள் உண்டு. மோட்டார் படுத்தால்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்கள் பலர். பூ.சா.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்களும் 1926-இல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவதைத் தர்மத்துக்கு எழுதி வைத்தார்கள். அந்த ஆண்டே பீளமேட்டில் தொழிற்கூடம் தொடங்கினார்கள். பட்டறையும் அதுதான், பள்ளிக்கூடமும் அதுதான். 1937-இல் டி.பாலசுந்தரம் நாயுடு ஒரு மின்மோட்டாரைச் செய்து காட்டினார். இந்தியாவில் உருவான முதல் மோட்டார் அதுவென்று கோவை இன்றும் பெருமையாகச் சொல்கிறது.

எனக்கு இவர்களில் மிக நெருக்கமானவர் ஜி.டி.நாயுடு. எங்கள் சூலூருக்குப் பக்கத்துக் கலங்கலில் 1893-இல் பிறந்தவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை விட்டவர். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டியவர். அவர் முயற்சியால் 1945-இல், அன்றைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. அதற்கு முதல்வரும் அவரே. நான்கு வருடப் படிப்பு மாணவனின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டே வருடம் தாராளம், பலவகைப் பாடங்களை மாலை வகுப்பில் சொல்லிக் கொடுக்கலாம் என்றார். அரசாங்கம் ஒப்பவில்லை. பதவியை விட்டு விலகினார். கல்லூரி தடாகம் சாலைக்குப் போய் இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. அவிநாசி சாலையில் பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் 'ஹோப் காலேஜ்' என்ற பேர் நின்றுவிட்டது.

அந்த ஸ்டாப்பில்தான் 1982-இல் தினமும் சாயங்காலம் இறங்குவேன். பீளமேட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு மாலை வகுப்பு நடந்தது. முதல் சிப்ட் முடித்து, தலையில் பஞ்சு ஒட்டியபடியே வரும் மில் பிட்டர்கள், பவுண்டரிக்காரர்கள், வகுப்பு முடிந்து முழு நைட்டுக்கு ஓடுகிறவர் ஒருவர். பேரிங்கைத் தட்டிக் கழற்றாமல் புல்லர் போட்டுக் கழற்றுவது, டயல் கேஜ் வைத்து மோட்டாரையும் பம்பையும் நேர்பார்ப்பது, மெக்கரில் இன்சுலேஷன் அளப்பது எல்லாம் அங்கே கற்றவை. சாரும் பகலில் மில் மெயின்டனன்ஸில் இருந்தவர். அதனால் எங்கள் தூக்கம் அவருக்குத் தெரியும். கண் சொக்கினால் எழுப்பி நிறுத்த மாட்டார், கையில் ஸ்பானரைக் கொடுப்பார்.

ஒருநாள் கரும்பலகையில் மூன்று காயிலை ஒரு புள்ளியில் சேர்த்து வரைந்தார். ஸ்டார். ஒரு கம்பியை அழித்தார். "பியூஸ் போச்சு. ஓடுற மோட்டார் நிக்காது. மீதி ரெண்டு பேஸ்ல கரண்டை இழுத்துட்டு உறுமிக்கிட்டே ஓடும். இந்த ரெண்டு காயிலும் சுடும். மூணாவதுல கரண்டே இல்லை." பிறகு டெல்டா வரைந்தார். அங்கே மிஞ்சிய இரண்டு கம்பிக்கும் நேர் நடுவில் இருக்கும் ஒரு காயில்தான் பெரும்பங்கைச் சுமந்து கருகும். மற்ற இரண்டும் தப்பும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்று வருடமாக என் கையிலேயே இருந்த விடை அது. என்னால்தான் வாசிக்க முடியவில்லை. கல்லூரிப் பையனுக்கு அது ஒரு படம். எனக்கு அது கவுண்டர் ஐயாவின் மஞ்சள். மாலை வகுப்புக்காக ஜி.டி.நாயுடு ஏன் அப்படி மல்லுக்கட்டினார் என்று நான் புரிந்துகொண்டது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான்.

 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கவுண்டர் ஐயா தோட்டத்துக்குப் போனேன். மோட்டாரைத் தொடவில்லை. மோட்டார் ரூமில் பியூஸ் கேரியரைக் கழற்றினேன். ஒன்றில் பிடி தளர்ந்து பித்தளை கறுத்துக் கிடந்தது. மாற்றிவிட்டு, வாய்க்கால் மேட்டில் குச்சியால் மூன்று காயில் வரைந்து காட்டினேன். அவர் மகன்தான் குத்தவைத்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தான். மறுநாள் சாயங்காலம் அவனும் என்னோடு பஸ் ஏறினான்.