புற ஊதாத் தடுப்பியாக லிக்னின்

லிக்னின் என்பது மரம், மூங்கில், புல் முதலியவற்றின் உயிரணுச் சுவர்களில் செல்லுலோசு இழைகளுக்கிடையே படிந்து, அவற்றுக்கு விறைப்பையும் நீர் புகாத் தன்மையையும் அளிக்கும் கரிமப் பல்லுறுப்பி ஆகும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு வரை அமையும் இப்பொருள் புற ஊதாக் கதிர்களை வலுவாக உட்கவர்வதால், வெயில்காப்புக் களிம்பு, பொதியுறை, மேற்பூச்சு ஆகியவற்றில் சேர்ப்பதற்கு ஆராயப்பட்டு வருகிறது.

சர்க்கரை அலகுகளாலான செல்லுலோசு இக்கதிர்களைப் பெரும்பாலும் ஊடுருவ விடுகிறது. லிக்னினோ பென்சீன் வளையம் கொண்ட அலகுகள் பிணைந்து உருவானது. அவ்வளையங்கள் 280 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கதிர்களை மிகுதியாகக் கவர்கின்றன. வளையத்தை அடுத்து இரட்டைப் பிணைப்போ கார்போனைல் தொகுதியோ அமைந்த இடங்களில் இவ்வுட்கவர்வு நீண்டு, தோலைச் சிவக்கச் செய்யும் பி வகைக் கதிர்களையும் (280–315), தோலில் ஆழமாக ஊடுருவும் ஏ வகைக் கதிர்களையும் (315–400) தழுவுகிறது. கவரப்பட்ட ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வெளியேற, எஞ்சியது லிக்னினையே சிதைத்து நிறமுள்ள குவினோன்களை உண்டாக்குகிறது. லிக்னின் நீக்கப்படாத மரக்கூழில் செய்த செய்தித்தாள், வெயிலில் கிடந்தால் விரைவில் மஞ்சளாவது இதனாலேயே.

காகிதக்கூழுக்காக மரச்சீவல்களைக் காரக் கரைசலில் வேகவைக்கும் கிராஃப்ட் முறையில், லிக்னின் கரைந்த கருநிற நீர்மம் பெருமளவில் கிடைக்கிறது. ஆலைகள் அதனைப் பெரும்பாலும் கொதிகலனில் எரித்துவிடுகின்றன; எனினும் கார்பன் டைஆக்சைடைச் செலுத்திக் காரத்தன்மையைக் குறைத்தால் லிக்னின் வீழ்படிவாகப் பிரியும்.

சீனாவின் குவாங்சோ நகரிலுள்ள தென்சீனத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடைகளில் விற்கும் களிம்புகளில் லிக்னினைக் கலந்தபோது அவற்றின் வெயில்காப்பு அளவெண் உயர்வதை 2015இல் காட்டினர். பவளப்பாறைகளுக்குக் கேடு விளைவிக்கும் என்ற கருத்தால் ஆக்சிபென்சோன் என்னும் புற ஊதாத் தடுப்பி கலந்த களிம்புகளின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருப்பதும் மாற்றுப் பொருள்களின்மீது கவனத்தைத் திருப்பியுள்ளது.

முதன்மையான இடையூறு நிறமே. கதிர்களைக் கவரும் அமைப்புகளே பழுப்பையும் தருவதால், நிறத்தை முற்றிலும் அகற்ற முயன்றால் காப்புத்திறனும் குன்றக்கூடும். அசிட்டைல் தொகுதிகளை இணைத்தால் நிறம் வெளிறும். ஆனால் தீங்கான தனியுறுப்புகளை அடக்கும் பீனால் தொகுதிகள் மறைக்கப்படும். அசிட்டோனும் நீரும் கலந்த கரைசலில் லிக்னினைக் கரைத்து, மேலும் நீர் சேர்த்து நுண்ணுருண்டைகளாகத் திரளச் செய்வது மற்றொரு வழி. இவ்வுருண்டைகள் களிம்பில் சீராகப் பரவுகின்றன.

நிறம் பொருட்டாகாத பயன்களில் இச்சிக்கல் எழுவதில்லை. காய்ப்புழுவைக் கட்டுப்படுத்தத் தெளிக்கப்படும் என்.பி.வி. நச்சுயிரி வெயிலில் விரைவில் வீரியம் இழப்பதால் அதனை மாலையில் தெளிப்பதே வழக்கம். இத்தகைய நச்சுயிரித் துகள்களை லிக்னினால் பொதிந்தால், அவை இலைமேல் கூடுதல் நேரம் வீரியத்துடன் நிற்கின்றன.